மூடுபனி ஊரில் வீட்டுக்குள் ஒரு யாத்திரை

அப்புத்தளையைக் காணச் செல்வோர் இரண்டு அப்புத்தளைகளைக் காண்பர். ஒன்று வெயில் ஊர். மற்றொன்று மூடுபனி ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், ஒடுங்கிய மலைமுகடு ஒன்றின்மீது அமைந்துள்ளது இச்சிறு நகர். கடைத்தெருவின் ஒரு பக்கம் நின்று நோக்கின் ஊவாவின் தேயிலைக் குன்றுகள் மடிப்பு மடிப்பாக விரியும். மறுபக்கம் சென்று எட்டிப் பார்ப்பின் மலை சட்டென்று இறங்கி, தென்னிலங்கையின் சமவெளி காலடியில் கிடக்கும். வானம் தெளிந்த நாளில் தொலைவிலே கடலின் கீற்றும் தென்படும்.

இருப்புப்பாதை 1893 ஆம் ஆண்டில் இவ்வூரை எட்டிற்று; அது பதுளைக்குப் போய்ச் சேர மேலும் 31 ஆண்டுகள் சென்றன. சேர் தோமஸ் லிப்டன் 1890 இல் தம்பேத்தனையில் நிறுவிய தேயிலைத் தொழிற்சாலையும், அங்கிருந்து ஏழு கிலோமீற்றர் தொலைவில் அவர் தம் தோட்டங்களை நோட்டமிட்ட குன்றாகிய ‘லிப்டன் சீட்’டும், சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931 இல் கட்டுவித்து, இன்று கிறிஸ்தவத் துறவியர் மடமாக விளங்கும் அடிசம் மாளிகையும் பயணிகள் நாடும் இடங்கள். இவையெல்லாம் வெயில் ஊரின் காட்சிகள்.

மூடுபனி ஊர் வேறு. பள்ளத்திலிருந்து வெண்புகை எழுந்து முகட்டைத் தாண்டும். கால் மணிக்குள் எதிர்வீட்டுக் கூரை மறைந்துவிடும். பின்னர் மழை பிடிக்கும். வடகீழ்ப் பருவக்காற்றின் காலத்தில் அது நாட்கணக்கில் விடாது. இம்மழையை வெறும் அழகென்று எண்ணுவோர் மலையக வாழ்வை அறியாதவர். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திலர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழையும் பதுளை மாவட்டத்தில் உயிர்களைக் கவர்ந்தது. ஆதலின், மழை வலுக்குங்கால் மலைப்பாதையில் உலாவப் போகாது வீட்டிலிருப்பதே அறிவுடைமை.

அவ்வாறு வீட்டிலிருப்போர் தம் உடலை எவ்வாறு பேணுவது? சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி விடுமுறையில், தம்பேத்தனை வீதியில் உள்ள நண்பர் ஒருவரின் இல்லத்தில் ஐந்து நாட்கள் மழையால் தங்க நேர்ந்தபோது இக்கேள்விக்கு நல்லதொரு விடை கண்டேன்.

செக்கு மாடும் சிறைச்சாலையும்

நண்பரின் தாயார் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், கூடையைத் தலையிற் கொளுவி, நாள்முழுதும் சரிவுகளில் ஏறி இறங்கிய கால்கள் அவை. ஓய்வு பெற்று மகனுடைய வீட்டுக்கு வந்த சில ஆண்டுகளில் நீரிழிவு கண்டது, முழங்கால் இறுகிற்று. நாளும் அரை மணி நேரம் நடக்கவேண்டும் என்றும், நடவாவிடில் மருந்தின் அளவைக் கூட்ட நேரும் என்றும் மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார்.

மழை தொடங்கிய முதல் நாள், மகன் சொற்படி அம்மையார் வாசலிலிருந்து அடுப்படி வரை நடந்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். மூன்று நிமிடம் சென்றிருக்காது, நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

“என்னால ஏலாது தம்பி. போற இடமும் இல்ல, வார இடமும் இல்ல. சும்மா சும்மா சுத்துறதுக்கு நான் என்ன செக்கு மாடா?” என்றார்.

அவர் கூறியதில் பெரியதோர் உண்மை உண்டு. இன்று நகரத்து உடற்பயிற்சி நிலையங்களில் பணம் செலுத்தி மக்கள் ஏறி நடக்கும் ‘ட்ரெட்மில்’ என்பதன் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை ஆராயின் இது விளங்கும். 1818 இல் இங்கிலாந்துப் பொறியியலாளர் வில்லியம் கியூபிட் என்பார் கைதிகளுக்கென மிதிசக்கரம் ஒன்றை வகுத்தார். படிகள் பொருத்திய பெரிய உருளையைக் கைதிகள் வரிசையாக நின்று மிதிக்க, அது சுழலும். அவர்கள் ஏறிக்கொண்டே இருப்பர், எங்கும் சென்றடையார். 1820-களில் நியூயோர்க் நகரில் இதனைப் பார்த்து நூல் எழுதிய ஜேம்ஸ் ஹார்டி, கைதிகளை நடுங்கச் செய்தது உழைப்பின் கடுமையன்று, அதன் மாறாத ஒரே சீர்தான் என்று கருத்துரைத்தார். பிரித்தானியா 1898 ஆம் ஆண்டுச் சட்டத்துடன் இத்தண்டனையைக் கைவிட்டது. ஆகவே, நாற்சுவருக்குள் நடப்பவர் சலிப்படைதல் சோம்பலின் அடையாளம் ஆகாது. இலக்கும் துணையும் அற்ற உழைப்பை மனித மனம் தண்டனையாகவே உணர்கின்றது. அவ்விரண்டையும் கொடுத்துவிட்டால், அதே நடை விளையாட்டாகிவிடும்.

ஐந்து நாள் யாத்திரை

இதனைச் செய்து காட்டியவன் அவ்வீட்டுப் பேரன், க.பொ.த. உயர்தரத்தில் கணிதம் பயிலும் மாணவன். மறுநாட்காலை அவன் அளவு நாடாவைக் கொண்டு வீட்டை அளந்தான். வாசலிலிருந்து அடுப்படிச் சுவர்வரை 20 அடி.

“அப்பாயி, நம்ம ஸ்டோரிலிருந்து லிப்டன் சீட் ஏழு கிலோமீற்றர். இந்த வீட்டுக்குள்ள 1,200 தடவை நடந்தா அங்க போய்ச் சேர்ந்திடலாம். ஒரு நாளைக்கு 240 தடவை. அஞ்சு நாள். போவமா?”

பாட்டியின் முகத்தில் ஓர் ஒளி தோன்றிற்று. “அவ்வளவு தூரமா? அந்த ரோட்டு எனக்கு மனப்பாடம் ஆச்சே!” என்றார்.

நாளின் நடையைக் காலை, நண்பகல், மாலை என மூன்றாகப் பகுத்தனர். ஒரு வேளைக்கு 80 தடவை, ஏறத்தாழப் பத்து நிமிடம். எண்ணிக்கை தவறாதிருக்க இரண்டு சிரட்டைகள் வைக்கப்பட்டன. பத்துத் தடவை நடந்ததும் ஒரு புளியங்கொட்டை முதற் சிரட்டையிலிருந்து மற்றதற்கு மாறும். நாட்காட்டியின் பின்புறத்தில் பேரன் பாதையை வரைந்து, ஒவ்வொரு வேளை முடிவிலும் பாட்டி எந்த இடத்தில் நிற்கிறார் என்று குறித்துவந்தான்.

நானும் உடன் நடந்தேன். அப்பொழுதுதான் இந்நடையின் சுவை எனக்குப் புலனாயிற்று. அம்மையார் வீட்டுக்குள் நடக்கவில்லை, மலையில் நடந்தார். “இந்த வளைவுலதான் எங்க பிரட்டுக்களம். இருட்டோட தப்புச் சத்தம் கேட்கும், கேட்டதும் ஓடணும்.” இன்னொரு திருப்பத்தில், “இங்க ஒரு பீலி இருந்திச்சு. பங்குனி வெயில்லகூடத் தண்ணி சில்லுனு வரும்.” மூன்றாம் நாள் மாலை ஓரிடத்தில் சற்றே நின்றார். “இந்த மலையில கவ்வாத்து வெட்டும்போதுதான் உங்க தாத்தா முதன்முதலா என்கிட்டப் பேசினாரு” என்றார். பேரன் புளியங்கொட்டையை மாற்ற மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். தான் பிறந்த ஊரின் வரலாற்றில் இத்தனை செய்திகள் உண்டென்று அவனுக்கு அதுவரை ஒருவரும் சொல்லியதில்லை.

நான்காம் நாள் பாட்டிக்குக் கால் கனத்தது, வர மறுத்தார். பேரன் வாதாடவில்லை. வெறும் பிஸ்கட் தகரத்தை எடுத்துக் காமன் கூத்தின் தப்படியை மெல்லத் தட்டலானான். மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்பெறும் அக்கூத்தின் தாளம் மலையகத்தார் குருதியில் ஊறியது. சிறிது நேரத்தில் நாற்காலியில் இருந்தவாறே அவர் பாதம் அசைந்தது, பின்னர் எழுந்தார், மருமகளையும் அழைத்துக் கும்மியடித்தவாறே பத்து நிமிடத்தையும் முடித்தார். ஐந்தாம் நாள் மாலை 1,200 ஆம் நடை நிறைவெய்திற்று. அன்று வீட்டில் இஞ்சித் தேநீரும் சுண்டலும் உண்டு.

பாட்டும் மூச்சும்

இவ்வீட்டார் தாமாகக் கண்டவற்றை அறிவியலும் ஒப்புகின்றது. மிதமான உழைப்பின்போது மனம் இசையைப் பற்றிக்கொண்டால் களைப்பின் உணர்வு தணிகின்றது என்பதை இங்கிலாந்தின் புரூனல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கொஸ்டாஸ் கராகியோர்கிஸ் போன்றோரின் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. உழைப்பு மிகக் கடுமையாயின் பாட்டின் உதவி குறைந்துவிடும். அப்பொழுது மூச்சே மனத்தை ஆட்கொள்ளும்.

பயிற்சியின் அளவை அறிய எளியதொரு சோதனையும் உண்டு. நடக்கையில் பேச முடிந்து, பாட மட்டும் மூச்சுப் போதாதிருப்பின் அது மிதமான பயிற்சி. தாராளமாகப் பாட முடியுமாயின் சிறிது விரைந்து நடக்கலாம். நாலு சொல் பேசவே மூச்சு வாங்கினால் அது கடும் பயிற்சி. முதியோர் வேகத்தைத் தணித்துக்கொள்ளல் வேண்டும். மார்பில் வலியோ தலைச்சுற்றலோ தோன்றின் உடனே நிறுத்துதல் அவசியம். நீரிழிவுடையோர் வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடவாது, ஈரமில்லாத தரையில், கால்களுக்குப் பொருத்தமான காலணியுடன் நடப்பது நன்று.

பெரியவர்கள் கிழமையொன்றுக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சி செய்யவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகின்றது. சிறுவர்க்கும் மாணவர்க்கும் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம். பெரியவர்க்குரிய 150 நிமிடத்தை நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாட்களுக்குப் பகுத்தால் சரியாகிறது. நம் அம்மையாரின் யாத்திரையும் அவ்வளவே.

பலர் ஒன்றுசேர்ந்து ஒரே தாளத்திற்கு உடலை அசைக்கும் வழக்கத்தை ஒரு நாடே கைக்கொண்டதும் உண்டு. யப்பானில் 1928 இல் வானொலி வழியாகத் தேகப்பயிற்சி ஒலிபரப்பத் தொடங்கினர். போருக்குப்பின் சில காலம் நின்று, 1951 இல் அது மீண்டும் தொடங்கிற்று. பியானோ இசைக்கு ஏற்ப, சில நிமிடங்களே நிகழும் அப்பயிற்சியைச் சிறுவரும் முதியவரும் சேர்ந்து செய்கின்றனர். தனியொருவர் மனவுறுதியை நம்பி நிற்பதினும், குறித்த நேரமும் கூட்டமும் நம்மை இழுத்துச் செல்வது எளிது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அமர்ந்திருக்கும் தலைமுறை

இவையெல்லாம் முதியோர்க்கு மட்டும் உரியன அல்ல. 1953 இல் இலண்டன் மருத்துவ அறிஞர் ஜெரி மொரிஸ் வெளியிட்ட ஆய்வு ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. இரண்டு தட்டுப் பேருந்துகளில் நாள்முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களை விட, இருக்கையில் அமர்ந்திருந்த சாரதிகளுக்கே மாரடைப்பு நோய் மிகுதியாகக் காணப்பட்டது. ஒரே பேருந்து, ஒரே வீதி. ஏறுவதும் அமர்வதுமே பெரிய வேறுபாடு.

மலையகத்தில் பாட்டி ஏறினார், பேரன் அமர்ந்திருக்கிறான். அமர்ந்து படிப்பதற்காகத்தான் அவர் ஏறினார் என்பதை நாம் மறத்தலாகாது. கல்வி அக்குடும்பம் ஈட்டிய செல்வம். ஆயினும் பரீட்சைக்காக இரவு பகலாக மேசையில் குனிந்திருக்கும் மாணவர், கடையிலும் அலுவலகத்திலும் அமர்ந்திருப்போர், மழையால் அடைபட்ட இல்லத்தரசியர் ஆகிய அனைவர்க்கும் நாளொன்றுக்கு ஒரு சிறு யாத்திரை தேவை.

அதற்கு விலைகொடுத்து இயந்திரம் வாங்க வேண்டுவதில்லை. உங்கள் வீட்டை அளந்து பாருங்கள். போக விரும்பும் ஊரொன்றைத் தேர்ந்து கொள்ளுங்கள்: யாழ்ப்பாணத்தார் நல்லூருக்குப் போகலாம், மட்டக்களப்பார் மாமாங்கத்துக்குப் போகலாம். வீட்டிலுள்ள முதியவரைத் துணைக்கழைத்து, வழியெங்கும் அவர் கண்டவற்றைச் சொல்லக் கேளுங்கள். கால் கனக்கும் நாளில் ஒரு பாட்டு வையுங்கள். ஒரு நாள் தவறின் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

நான் புறப்பட்ட காலையில் மழை ஓய்ந்து, பள்ளத்தாக்கில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பேரன் நாட்காட்டியின் மற்றொரு தாளைத் திருப்பி வைத்து, அடிசம் மாளிகைக்கு எத்தனை தடவை நடக்கவேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தான். “வெயில் வந்தாச்சு தம்பி, முத்தத்துலயே நடப்போம், தூரத்தை மட்டும் சரியாப் போடு” என்றார் பாட்டி.