வீட்டுக்கணக்கும் நாங்களும்

கணக்கு என்றாலே எங்களில் பலருக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதிலும் வீட்டுக்கணக்கு என்றால் சொல்லவே வேண்டாம். மாலையில் நோட்டைத் திறப்போம். முதல் கணக்கிலேயே மலைத்துப்போய் மூடிவிடுவோம். மறுநாள் காலை மணி அடிக்குமுன் வேப்பமரத்தடியில் ஒரு நோட்டு கைமாறும். பத்தே நிமிடத்தில் ஆறு கணக்கும் முடிந்துவிடும்! சிஸ்டரும் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதித் தருவார்கள்.

எங்களோடு சேராதவள் ஒருத்தி இருந்தாள். மாலை முழுவதும் அம்மாவோடு பூக்கட்டிவிட்டு, இரவில்தான் நோட்டை எடுப்பாள். தெரிந்தவரை எழுதுவாள், தெரியாததை விட்டுவிடுவாள். பார்த்தெழுத மாட்டாள். கணக்கை முடிக்காத குற்றத்திற்காக அவள்தான் அடிக்கடி சுவரோரம் நின்றாள். எல்லாவற்றையும் 'முடித்த' நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் இருபடிச் சமன்பாட்டில் ஒரு கணக்கு. ஓர் அறையின் நீளம் அகலத்தைவிட 3 மீட்டர் அதிகம், பரப்பு 40 சதுர மீட்டர், அகலம் என்ன? மறுநாள் எங்கள் நோட்டுகள் அனைத்திலும் விடை 8. சிஸ்டர் கரும்பலகையில் எழுதினார்கள்: அகலம் 8 என்றால் நீளம் 11, பரப்பு 88! "இந்த அறை ஒரே இரவில் எப்படி வளர்ந்தது?" என்று கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. காரணி பிரிக்கையில் யாரோ ஒருத்தி கூட்டல், கழித்தல் குறிகளை மாற்றிப் போட்டிருந்தாள். நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பிழையைப் பயபக்தியோடு எழுதியிருந்தோம்.

பிறகு சிஸ்டர் அந்தத் தோழியின் நோட்டை உயர்த்திக் காட்டினார்கள். சமன்பாட்டை மட்டும் சரியாக அமைத்திருந்தாள். அதன் கீழே, "இதற்குமேல் தெரியவில்லை, சிஸ்டர்" என்று எழுதியிருந்தாள்.

"இந்த ஒரு வரி இவளுடையது. உங்கள் பத்து வரியில் உங்களுடையது எது?" என்றார்கள் சிஸ்டர். சற்றுப் பொறுத்து, "இவளை நிற்கவைத்தது என் தவறு" என்றும் சொன்னார்கள். அந்தச் சொல்தான் எங்களை அதிகம் சுட்டது.

அன்றிலிருந்து முறை மாறியது. ஆறு கணக்கு மூன்றாயிற்று. முதல் கணக்கை வகுப்பிலேயே தொடங்கிவிட வேண்டும். எந்த இடத்தில் தடைப்படுகிறோமோ அங்கே ஒரு கேள்விக்குறி இடலாம். அதற்குத் தண்டனை இல்லை. விடை வந்ததும் கணக்கில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அகலம் 5, நீளம் 8, பரப்பு 40 என்று ஒத்துவரும்போது உண்டாகும் மகிழ்ச்சியைப் பார்த்தெழுதிய நாட்களில் நாங்கள் அறிந்ததேயில்லை. கணித மேதை இராமானுஜன் காகித விலைக்கு அஞ்சிச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டாராம். எங்கள் ரஃப் நோட்டிலும் இப்போது அடித்தல் திருத்தல் ஏராளம்!

வேப்பமரத்தடியில் இன்றும் கூடுகிறோம். நோட்டுகள் கைமாறுவதில்லை, கேள்விக்குறிகளைத்தான் பகிர்ந்துகொள்கிறோம். பூக்கட்டும் தோழிக்கு மாலையில் நேரமில்லாததால் கால்மணி முன்னதாகவே வந்துவிடுகிறோம். அவளுக்கு உதவத்தான் வந்தோம். பல நாட்கள் அவளே எங்களுக்குச் சொல்லித் தருகிறாள். அவளிடம் நேரில் மன்னிப்புக் கேட்க நாணினோம். இந்தப் பக்கத்தில் கேட்டுக்கொள்கிறோம்.

அன்புத் தங்கைகளே! முடியாத கணக்கோடு வகுப்புக்கு வர அஞ்சாதீர்கள். பார்த்தெழுதிய கணக்கோடு வரத்தான் அஞ்ச வேண்டும்.