பெரியவர்கள் கையிலும் கம்பைக் கொடுங்கள்

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரங்களில் சிலம்பம் நடக்கும் திடல்களுக்கு மாலை வேளையில் போனால் ஒரு காட்சி மாறாமல் கண்ணில் படும். பள்ளி மைதானமோ, கோயிலுக்குப் பின்னாலிருக்கும் பொட்டலோ, கண்மாய்க் கரையோ, எங்கும் நடுவில் பிள்ளைகள் கம்பு சுற்றுவார்கள். ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு அம்மாக்களும் அப்பாக்களும் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பலரும் தங்களுக்கும் சின்ன வயதில் இந்த ஆசை இருந்ததாகத்தான் சொல்கிறார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குக் கம்பு என்று வீட்டில் தடுத்திருக்கிறார்கள். ஆண்களில் பலர் படிப்பை விட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். இப்போது கற்றுக்கொள்ளலாமே என்று கேட்டால், இந்த வயதில் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்று சிரிக்கிறார்கள். சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. சிலம்பம் இன்று ஏறக்குறைய முழுக்கவே பள்ளிப் பிள்ளைகளையும் போட்டிச் சான்றிதழையும் நம்பி நிற்கிறது. இது ஓரத்தில் காத்திருப்பவர்களுக்கு இழப்பு. கலைக்கும் இழப்பு. எல்லாரையும்விடச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்குப் பெரிய இழப்பு.

முதலில் அந்த வாத்தியாரின் உழைப்பைப் பார்க்க வேண்டும். மதுரைப் பக்கம் வாத்தியார், நெல்லை குமரிப் பக்கம் ஆசான், இன்றைய பிள்ளைகளுக்கு மாஸ்டர். கம்பு சுற்றிக் காட்டுவது அவர் வேலையில் சிறு பங்குதான். மூங்கிலைப் பார்த்து வாங்கி, நீரில் ஊறவைத்து, கோணலைத் தீயில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவி, ஒவ்வொரு பிள்ளைக்கும் நெற்றி அளவுக்கு அறுத்துக் கொடுப்பது அவரே. பிள்ளை வளர வளரக் கம்பும் மாற வேண்டும். அப்புறம் காலடி. வெளியிலிருந்து பார்ப்பவர் கண் சுழலும் கம்பின் மேல் நிற்கும். வாத்தியாரின் கண் தரையிலேயே இருக்கும். குதிகால் எப்போது எழுகிறது, எடை எந்தக் காலில் இருக்கிறது, திரும்பும்போது இடுப்பு முந்துகிறதா தோள் முந்துகிறதா என்று வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையையும் அவர் பார்க்கிறார். கம்பைச் சுற்றுவது மணிக்கட்டு என்றாலும், அடியிலிருந்து விலக வைப்பதும் அடிக்க வசதியான இடத்துக்குக் கொண்டுபோவதும் கால்தான். அதனால்தான் பழைய முறையில் படித்த ஆசான்கள் கம்பைக் கையில் கொடுக்க அவசரப்படுவதில்லை. ஒரே காலடியைத் திரும்பத் திரும்பப் போட வைக்கிறார்கள். திருத்தம் எல்லாம் குரலாலும், சில சமயம் கம்பின் நுனியால் குதிகாலைத் தொட்டும் நடக்கிறது. எழுதிப் படிக்க முடியாத பாடம் இது. ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவர் உடம்புக்கு நேரில்தான் போக முடியும்.

இந்த உழைப்புக்குக் கிடைக்கும் கூலி மிகக் குறைவு. நான் பார்த்த வாத்தியார்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை செய்பவர்கள்: பெயின்ட் அடிப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், விவசாயம் பார்ப்பவர். மாலையில் பிள்ளைக்கு மாதம் சில நூறு ரூபாய் வாங்குகிறார்கள். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையிடம் அதையும் வாங்குவதில்லை. அந்த வருமானமும் ஆண்டு முழுக்க ஒரே மாதிரி வராது. தேர்வு வந்தால் திடல் காலியாகிவிடும். பத்தாம் வகுப்பு வந்தால் நன்றாகச் சுற்றும் பிள்ளையும் டியூஷனுக்குப் போய்விடும், பிறகு திரும்புவது அபூர்வம். பெண் பிள்ளைகள் அதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். ஏழெட்டு ஆண்டு உழைத்து, பிள்ளை காலடியைப் புரிந்துகொள்ளத் தொடங்கும் வயதில் வாத்தியார் அந்தப் பிள்ளையை இழக்கிறார். மறுபடியும் ஆறு வயதுப் பிள்ளையின் கையில் சின்னக் கம்பைக் கொடுத்து முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறார். இந்தச் சுற்றிலிருந்து வெளியேற வழியில்லாததால், அவர் மகனே இந்தத் தொழிலுக்கு வர யோசிக்கிறான்.

சான்றிதழ் வந்தபின் நிலைமை மேம்பட்டிருக்கிறதே என்று கேட்கலாம். மேம்பட்டிருப்பது உண்மை. தமிழக அரசு வேலைகளுக்கான 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டது. முதலமைச்சர் கோப்பையில் இடம்பெற்றது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் காட்சி விளையாட்டாகவும் நடந்தது. இவை இல்லாவிட்டால் பல திடல்களில் இன்று பாதிப் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். அதை எந்த வாத்தியாரும் மறுப்பதில்லை, நானும் மறுக்கவில்லை. ஆனால் பதக்கத்தை முன்வைத்து நடக்கும் வகுப்பு, பதக்கத்துக்கு வேண்டியதை மட்டும்தான் வளர்க்கும். தனித்திறன் பிரிவில் வேகமும் அழகும் மதிப்பெண் வாங்கித் தரும். எதிராளியின் கண்ணைப் படிப்பதும், தூரத்தை அளப்பதும், வீணாக ஓர் அடிகூட வைக்காமல் நிற்பதும் அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. இவை நிதானத்தோடு வருபவை. போட்டி வயதைக் கடந்தவர்களும் திடலில் நின்றால்தான் இந்தப் பகுதி உயிரோடு இருக்கும்.

இது புதிய யோசனையும் அல்ல. சிலம்பம் பெரியவர்களின் கலையாகத்தான் வாழ்ந்தது. வயல் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நிலா வெளிச்சத்திலோ பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலோ பழகியவர்கள் உழைத்துக் காய்ப்பேறிய கைகளை உடைய ஆண்கள். ஊர்க்காவலுக்குப் போனவர்களுக்கும், இரவில் தனிவழி நடந்தவர்களுக்கும், ஆடு மாடு மேய்த்தவர்களுக்கும் கம்பு தேவைப்பட்டது. மலேயாத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களோடு போனதால்தான் மலேசியாவில் இன்றும் சிலம்பம் இருக்கிறது. ஊர்வலத்தின் முன்னால் நாற்பது வயதுக்காரர் கம்பு சுற்றுவதை யாரும் வியப்பாகப் பார்த்ததில்லை. அந்தத் தேவைகள் மறைந்தபின் கலை பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பிழைத்துக்கொண்டது. பிழைத்தது நல்லது. ஆனால் அங்கேயே அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை.

பெரியவர்களின் உடம்பு வளையாது என்பது முதல் ஆட்சேபணை. வாத்தியார்கள் சிலரே இதைச் சொல்கிறார்கள். முப்பத்தைந்து வயதில் தொடங்குபவர், ஏழு வயதில் தொடங்கியவரைப் போலச் சுருள்வாள் வீசப்போவதில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் சிலம்பத்தின் அடிப்படைக்கு அந்த வளைவு வேண்டியதில்லை. நேராக நிற்பது, முழங்காலை லேசாக மடக்கி எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவது, இடுப்பிலிருந்து திரும்புவது, தோளையும் மணிக்கட்டையும் முழு வட்டத்தில் அசைப்பது, இதுதான் முதல் பல மாதப் பாடம். நாற்காலியில் உட்கார்ந்தே பகலைக் கழிக்கும் உடம்பு இழந்திருப்பதும் இவற்றைத்தான். 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு, 2022 நிலவரப்படி இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்று கணக்கிட்டது. பெண்களில் அது 57 விழுக்காடு, ஆண்களில் 42. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் மூன்று மாலை, மாலைக்கு ஒரு மணி நேரம் காலடி போட்டால் அது நிறைந்துவிடும். வயதில் முதிர்ந்தவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி தேவை என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. காலடி முழுக்கச் சமநிலைப் பயிற்சிதான். வயது இந்தக் கலைகளுக்குத் தடையில்லை என்பதற்குக் கேரளத்தின் வடகரையில் களரி சொல்லிக்கொடுக்கும் மீனாட்சியம்மாவைவிட நல்ல சாட்சி வேண்டாம். எழுபது வயதைக் கடந்தும் களத்தில் நின்றவர் அவர். 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் ஏழு வயதிலேயே தொடங்கியவர் என்று பதில் வரலாம். சரிதான். ஆனால் அந்த வயதிலும் உடம்பு தாங்குகிறது என்பதையாவது அவர் காட்டிவிட்டார்.

இதைவிடக் கனமான ஆட்சேபணை ஒன்று உண்டு. உடற்பயிற்சிக்கு வருபவர்களுக்காகக் கலையை எளிமையாக்கினால் அதன் சாரம் போய்விடும், நாளடைவில் கம்பு வைத்துக்கொண்டு செய்யும் ஏரோபிக்ஸ் மட்டுமே மிஞ்சும் என்று மூத்த ஆசான்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை மதிக்கிறேன். சீனாவில் 1956இல் அரசின் விளையாட்டுக் குழு, தைச்சி என்ற தற்காப்புக் கலையின் யாங் மரபிலிருந்து 24 அசைவுகள் கொண்ட சுருக்க வடிவம் ஒன்றை உருவாக்கியது. பூங்காக்களில் காலையில் முதியவர்கள் செய்வது பெரும்பாலும் அதுவே. அது முழுமையான தைச்சி ஆகாது என்று அங்கும் மரபாசிரியர்கள் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த வாசல் வழியாக நுழைந்தவர்களில் சிலர் மரபாசிரியர்களைத் தேடிப் போகிறார்கள். பெரும்பாலோர் வாசலோடு நின்று தங்கள் உடம்பைப் பேணிக்கொள்கிறார்கள். 2020இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் தைச்சி இடம்பெற்றபோதும் அது லட்சக்கணக்கானோர் செய்துகொண்டிருந்த ஒன்றாகவே இருந்தது. சிலம்பத்திலும் வணக்கம், நாலைந்து காலடி, அடிப்படை வீச்சுகள், ஜோடியாக நின்று மெதுவாகத் தட்டித் தடுத்துப் பழகும் பாடம் என்று ஒரு தொடக்க நிலையை ஆசான்களே கூடி வகுக்கலாம். அதை வெளியார் வகுத்தால்தான் சாரம் போகும்.

கம்பு பட்டால் அடிபடும் என்ற பயமும் வீணானதல்ல. ஆட்களுக்கு இடையே கம்பு எட்டாத தூரம் விடுவது, எதிராளியைக் கம்பால் தொடும் தொடுமுறை பழகும்போது தலைக்காப்பு போடுவது, முதலில் மெல்லிய பிரம்பு கொடுப்பது என்று பிள்ளைகளுக்குச் செய்யும் ஏற்பாடுகள் பெரியவர்களுக்கும் போதும். வெட்கம் அதைவிடப் பெரிய தடை. பத்து வயது மகள் பார்க்க, நாற்பது வயதில் கால் தடுமாறி நிற்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். அதனால்தான் பெரியவர்களுக்குத் தனி நேரம் வேண்டும் என்கிறேன். பெண்களுக்கு இது இன்னும் அவசியம். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவோரம் நடைப்பயிற்சி போகும் பெண்கள், தங்களைப் போன்றவர்கள் மட்டும் இருக்கும் இடமென்றால் சுடிதாரில் வந்து நிற்கத் தயங்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெண் வாத்தியார்கள் வேண்டும். பத்தாம் வகுப்புக்கு முன்பே கம்பை வைத்துவிட்டுப் போன பெண் பிள்ளைகளுக்குத் திரும்பி வருவதற்கு ஒரு வேலையும் அதில் இருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல ஊர்களில் சிலம்பக் களம் ஒரு தெருவுக்கும் ஒரு சாதிக்கும் உரியதாகவே இருந்து வந்திருக்கிறது. கம்பு யார் கையில் இருக்கலாம் என்பதை ஊர் முடிவு செய்தது. பள்ளி மைதானம் பிள்ளைகள் மத்தியில் அதை ஓரளவு உடைத்திருக்கிறது. மாநகராட்சிப் பூங்காவில் எல்லாத் தெருக்காரர்களும் ஜோடி மாறி மாறிப் பழகும் வகுப்பு நடந்தால், பெரியவர்கள் மத்தியிலும் அது உடையத் தொடங்கும்.

கடைசியாக, பெரியவர்களை வைத்துச் சொல்லிக்கொடுக்க வாத்தியார்களுக்குத் தெரியுமா என்ற கேள்வி. பலருக்கு இன்று தெரியாது. பிள்ளையை அதட்டுவதுபோல ஐம்பது வயதுக்காரரை அதட்ட முடியாது. முழங்கால் வலியும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவரிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதற்கு ஒரு குறுகிய பயிற்சியை விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தினால் போதும். மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பூங்காக்களில் உடற்பயிற்சிக் கருவிகளை வாங்கிப் போடுகின்றன. பல இடங்களில் அவை துருப்பிடித்து நிற்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கு ஒரு வாத்தியாரின் மாதச் சம்பளமாக ஒதுக்கட்டும். வேலைக்குப் போகும் பெரியவர்கள் பிள்ளை வீட்டைவிட இருமடங்கு கட்டணம் தரக்கூடியவர்கள். தேர்வு வந்தால் நிற்காதவர்கள். பிடித்துப்போனால் இருபது ஆண்டுகூட வரக்கூடியவர்கள். வாத்தியாரின் வீட்டில் நிலையாக அடுப்பெரிய இவர்களைவிட உறுதியான ஆதரவு வேறெதுவும் கிடைக்காது.

அரசாணைக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளையைத் திடலில் விட்டுவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்துபோய், பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் எங்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லித் தருவீர்களா என்று வாத்தியாரிடம் கேளுங்கள். கட்டணத்தை நீங்களே முன்வந்து சொல்லுங்கள், பேரம் பேசாதீர்கள்.