அம்மம்மா வீட்டுப் பீலி

"இடிச்சுப்போட்டு பிளாற் அடிப்பம்" என்று கனடாவில் இருக்கிற மாமா சொல்லத் தொடங்கி மூன்று வருசம். அம்மம்மாவின் வீடு வலிகாமத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர், பனங் கைமரம், மேலே ஓடு. போன மாரிக்கு அறைச் சுவரின் அடிப்பக்கம் ஊறி, பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்று விழுந்தது. படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினது நான்தான். "பார்த்தியே, வீட்டுக்கு வயசு போட்டுது" என்றார். அம்மம்மா ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடச் சொன்னா, அவ்வளவுதான்.

பார்க்க வந்த மேசன் அண்ணை முதலில் நிலத்தைத்தான் பார்த்தார். ஓட்டு நுனிக்கு நேர் கீழே, வீட்டின் நீளத்துக்கு வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம். "வயசில்லைத் தங்கச்சி, தண்ணி" என்றார்.

கணக்கு லேசானது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் கூரை ஏறத்தாழ 100 சதுர மீற்றர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 50 மில்லிமீற்றர் பெய்தால் 5,000 லீற்றர். அவ்வளவும் சுவரின் காலடியில்தான் விழுந்து தெறிக்கிறது. சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தை வெயில் வர வெளியே விட்டுவிடும். நாங்களோ சில வருசத்துக்கு முன், பலமாக இருக்கட்டும் என்று அடிச்சுவருக்குச் சீமெந்து பூசினோம். அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிட்டது.

ஏணி வைத்து ஏறினேன். கைமர நுனிகளில் துருப்பிடித்த நாலு இரும்புக் கொளுக்கிகள். இறங்கி வந்து அம்மம்மாவைக் கேட்டேன்.

"தகரப் பீலி இருந்தது பிள்ளை. தொண்ணூற்றஞ்சில இடம்பெயரேக்கை இருந்தது. அடுத்த வருசம் திரும்பி வரேக்கை இல்லை. கதவும் இல்லை. முதல்ல கதவைத்தானே போடுவினம்?"

கதவுக்குப் பிறகு ஓடு. பிறகு கிணற்றடி. பிறகு பிள்ளைகளின் படிப்பு, மாமாவின் பயணக் காசு. முப்பது வருசமாகப் பீலிக்கு முறை வரவில்லை. நாங்கள் அதற்கு 'வீட்டுக்கு வயசு போட்டுது' என்று பெயர் வைத்துவிட்டோம்.

ரியூசன் கொடுத்துச் சேர்த்த காசில் பிளாஸ்டிக் பீலி வாங்கினேன். பூட்டுவது நினைத்த மாதிரி இல்லை. பனை வைரத்தில் ஆணி இறங்காது, முதலில் துளை போட வேண்டும். ஓட்டுக் கரை நடுவில் தொய்ந்திருந்தது. நான் அதற்கு ஒட்டியே பீலியைப் பிடிக்க, "ஓட்டுக் கரையைப் பாக்காதை, நூலைப் பார்" என்று ஏணியடியில் நின்று சத்தம் போட்டார் மேசன் அண்ணை. பத்து அடிக்கு அரை அங்குலம் வாட்டம். எங்கள் 40 அடிக்கு இரண்டு அங்குலம். கண்ணுக்குத் தெரியாத சரிவு, தண்ணீருக்குத் தெரியும்.

முதல் மழைத் தண்ணீரைத் தூசியும் குருவி எச்சமும் போக வெளியே விட்டோம். பிறகு வருவது தொட்டிக்கு. தொட்டி நிரம்பினால் சுவருக்குத் தள்ளி வெட்டின கற்குழிக்கு. வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்குப் போகிறதும் இந்த மழைதான், சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி.

பூட்டி மூன்றாம் நாள் இரவு அடித்து ஊத்தியது. அம்மம்மா எழும்பி, "மழை விட்டிட்டுதோ?" என்று கேட்டா. ஓட்டில் விழும் சத்தம் காதுக்குப் பழகிவிட்டது, முற்றத்தில் ஊத்துகிற சத்தத்தைத்தான் அவ தேடியிருக்கிறா. நான் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். மூலைப் பொருத்தில் ஒழுக்கு. மற்றபடி பள்ளத்தில் தண்ணீர் இல்லை.

வீடியோ கோலில் மாமாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த நுனிக் கொளுக்கி அப்பா அடிச்சது" என்றார். பிறகு, "சரி, இந்த மாரி போகட்டும், பாப்பம்." அது சம்மதம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

கோடையில் சீமெந்தைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். சுவர் இன்னும் காயவில்லை. கட்டிலும் தள்ளித்தான் கிடக்கிறது.