சொல்லாமல் விட்ட இடம்

தில்லி விடுதியில் தங்கிப் படித்த தமிழ் ஆய்வு மாணவன் ஒருவனுக்கு, ஜூலை மாதப் புழுக்கத்தில் தொடையிடுக்கில் செந்நிற வளையம் ஒன்று தோன்றியது. மருந்துக்கடையில் ‘குஜ்லி’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டான். எங்கே என்று கடைக்காரரும் கேட்கவில்லை. கொடுத்த களிம்பில் பூஞ்சைக்கொல்லியுடன் குளோபெட்டசோல் என்னும் வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்திருந்தது. சில நாளில் அரிப்பு அடங்கியது. பூசுவதை நிறுத்தியதும் முன்னிலும் அகலமாய்த் திரும்பியது. இப்படியே ஏழு மாதங்கள் கழிந்தன.

ஸ்டீராய்டு அழற்சியை மட்டுமே தணிக்கிறது. அதன் மறைவில் பூஞ்சை படர்கிறது. வளையத்தின் விளிம்பு மங்கி நோய் அடையாளம் இழக்கிறது. தோல் மெலிந்து கோடுகள் விழுகின்றன. இந்தியாவில் இன்று பரவலாகக் காணப்படுவதும், 2020இல் ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே’ எனப் பெயர் பெற்றதுமான பூஞ்சை, வழக்கமான டெர்பினஃபினுக்குப் பலவேளை கட்டுப்படுவதுமில்லை.

தோல் மருத்துவர் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தார். களிம்பை நிறுத்தி, இட்ராகொனசோல் மாத்திரையை வாரக்கணக்கில் தொடரச் சொன்னார். “அறையில் வேறு யாருக்கேனும் உண்டா?” என்றும் கேட்டார். ஒரே கொடியில் துண்டு உலர்த்திய அறைத்தோழனுக்கும் இருந்தது. அவனும் சொன்னதில்லை.

அவ்விடத்துத் தடிப்பெல்லாம் பூஞ்சையன்று. இரவில் மிகும் அரிப்பு சிரங்காகலாம். ஆண்குறி முனையில் மீண்டும் மீண்டும் வரும் அழற்சி, அறியப்படாத நீரிழிவைக் காட்டலாம். பிரித்தறிய, உடலைக் காட்டியே ஆகவேண்டும்.

இந்நோய்க்குத் தமிழ் ‘படர்தாமரை’ என்று அழகாகவே பெயரிட்டிருக்கிறது. அது படர்ந்த இடத்தின் பெயரைச் சொல்லத்தான் அவனுக்கு ஏழு மாதங்கள் ஆயின.