மாமாவின் பல்

கிண்ணியாவில் ஒரு டிஸ்பென்சரி. சுன்னத்து வைக்க வந்தவர்கள் வாங்கில் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். உள் அறைக்குக் கதவு இல்லை, திரைச்சீலைதான். உள்ளே பேசுவது வெளியே கேட்கும். யாரும் அதைக் குறையாக நினைப்பதில்லை.

இளம் தாய் ஒருத்தி, அவளுடைய உம்மா, மடியில் கைக்குழந்தை. டொக்டர் இன்னும் கையுறையைத் தொடவில்லை. குழந்தையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு சலம் போகும் துவாரத்தை. அது நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் கத்தியே எடுக்கக் கூடாது. பின்னால் அதைச் சரிசெய்யும் ஒபரேஷனுக்கு அந்தத் தோல்தான் வேண்டும்.

"குடும்பத்துல யாருக்காவது ரத்தம் நிக்காம போயிருக்கா?"

"இல்ல டொக்டர்."

"ஒங்கட காக்காமார், தம்பிமாருக்கு?"

உம்மம்மா குறுக்கிடுகிறாள். "சின்னவனுக்குப் பல்லுப் புடுங்கி மூணு நாளா வாயெல்லாம் ரத்தம். அது பல்லுப் புடுங்கினவர்ர பிழை."

டொக்டர் பேனாவைத் திறக்கிறார். ஹீமோபீலியா பெரும்பாலும் தாய் வழியாக வருவது. அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம்; மகனுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். இரண்டு ஆண்பிள்ளைகள் சுன்னத்தில் இறந்திருந்தால் மூன்றாவது பிள்ளைக்குச் செய்ய வேண்டாம் என்று யூதர்களின் தல்மூதில் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளைக் கொடுத்து வாங்கிய அறிவு. இங்கே ஒரு பல்லோடு தெரிய வந்திருக்கிறது.

"ரத்தம் சோதிச்சிட்டு வாங்க. துண்டு தாறன்."

"வட்டிலப்பத்துக்கெல்லாம் சொல்லியாச்சே..."

"வட்டிலப்பத்தச் சாப்பிடுங்க. சுன்னத்தப் பொறவு பாப்பம்."

முந்தி, சுன்னத்து வைக்கும் ஒஸ்தா மாமா வீட்டுக்கே வந்து செய்துவிட்டுப் போய்விடுவார். இப்படிக் கேள்வி கேட்க யார் இருந்தார்கள்? 2009 இல் பாலம் திறக்கும் வரை, இரவில் ரத்தம் நிற்காவிட்டால் திருகோணமலை பெரியாஸ்பத்திரிக்குப் போகப் பாதை என்ற மிதவைப் படகைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

அடுத்து, முகம் வெளுத்த ஒரு வாப்பா. முந்தாநாள் செய்த பிள்ளை. பம்பர்ஸைத் திறந்து காட்டுகிறார்: "சீழ் பிடிச்சிருக்கு டொக்டர்."

நுனியில் மெல்லிய மஞ்சள் படலம். "சீழ் இல்ல, புண் ஆறுது. சுரண்டிராதீங்க. வாஸ்லினப் பூசுங்க, பம்பர்ஸ்ல ஒட்டாது."

ரத்தம் வந்தால்? டொக்டர் ஒரு துண்டுக் கோஸை வாப்பாவின் விரலில் வைத்து அழுத்தச் சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஒரு நிமிடம் ஆகவில்லை, அந்த மனிதர் தூக்கிப் பார்க்கிறார்.

"இதுதான் பிழை. பத்து நிமிஷம் அமத்திப் புடிக்கணும், எடுத்து எடுத்துப் பாக்கப்படாது. அதுக்காக இறுக்கிக் கட்டிராதீங்க, சலம் அடைச்சிரும். அமத்தியும் ரத்தம் நிக்காட்டி, எட்டு மணித்தியாலமாச் சலம் போகாட்டி, காய்ச்சல் வந்தா, செவப்பு வயித்துப் பக்கம் ஏறினா, என்னத் தேட வேணாம். நேரா ஆஸ்பத்திரி. இங்க ஏலாட்டி திருகோணமலைக்கு அனுப்புவாங்க."

"ராவையில எண்டா?"

"பாலத்துக்குப் பூட்டு இல்ல தம்பி."