மணக்குடியிலிருந்து முட்டம் வரை

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடலைப் பார்க்கிறார்கள், கடற்கரையைப் பார்ப்பதில்லை. முனையில் இருப்பது பாறையும் படித்துறையும்தான். விவேகானந்தர் பாறை, 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட மணல் வேண்டுமென்றால் அங்கிருந்து மேற்கே வர வேண்டும். மணக்குடி, சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் என்று வரிசையாகக் கிடக்கிற கரை அது. நாகர்கோவில் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் இந்தக் கரைதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருவிதாங்கூர் மன்னர் ஆண்ட மண். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது.

கரையின் கதை வேறு. அது கட்டுமரமும் கரைமடியும் எழுதிய கதை.

கட்டுமரத்தில் ஆணி கிடையாது. லேசான மரத்தடிகளைச் செதுக்கி, மூக்குப் பக்கம் மேல்நோக்கி வளைய அடுக்கி, கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். பலகைப் படகில் தண்ணீர் ஏறினால் இறைக்க வேண்டும். கட்டுமரத்தில் ஏறிய தண்ணீர் தடிகளுக்கு இடையே தானாகவே வடிந்துவிடும். கரையிலேயே வந்து உடைகிற எங்கள் ஊர் அலையைத் தாண்ட அதைவிடப் பொருத்தமான கலம் இருந்ததில்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தடிகளை மணலில் பிரித்துப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும். காய்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். அதனால் காலை பத்து மணிக்கு மேல் கரை நெடுகத் தடிகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் வலை காயும், அதற்கப்பால் நெத்திலி காயும். மணல்தான் அவர்களுக்குக் களம். கண்ணாடித் துண்டு கிடந்தால் வலை அறும், குப்பை கிடந்தால் கருவாடு கெடும். அந்தக் கரை சுத்தமாக இருந்ததற்கு எந்தத் திட்டமும் காரணமில்லை. பிழைப்பே அதில் இருந்ததுதான் காரணம்.

1980களில் முட்டத்திலேயே ஒட்டுப்பலகைப் படகு கட்டத் தொடங்கினார்கள். பிறகு வெளிப்பொருத்து இயந்திரம் வந்தது, ஃபைபர் படகு வந்தது. கட்டுமரம் மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டது. உழைப்பு குறைந்தது, தூரம் போக முடிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் தடிகளைத் தேர்ந்து, செதுக்கி, கட்டுகிற கை இன்று அபூர்வமாகிவிட்டது. ஒரு முழுக் கட்டுமரத்தைக் காப்பாற்றி வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட இந்தக் கரையில் ஓர் இடம் இல்லாதது வருத்தமாக இருக்கிறது.

கரைமடியை இங்கே கரமடி என்போம். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் ஒரு கூட்டம் பிடித்துக்கொள்ளும். வள்ளம் மறு நுனியோடு கடலுக்குள் போய், அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டே வந்து, சற்றுத் தள்ளி மறு கயிற்றைக் கரையேற்றும். பிறகு இரண்டு பக்கமும் இழுப்பு. இழுக்க இழுக்க இரண்டு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கி வரும். கடைசியில் மடி கரை தொடும்போது சாளை வெள்ளியாகத் துள்ளும், காக்கைகள் இறங்கும், கூடையோடு பெண்கள் வந்து சேர்வார்கள், விலை அங்கேயே முடிவாகும். இழுக்க ஆள் குறைந்தால் வேடிக்கை பார்க்க நின்றவனும் கயிற்றில் கை வைப்பான். கை வைத்தவனுக்கும் குழம்புக்கு மீன் உண்டு.

எந்தக் கரை குடும்பத்துக்கு ஏற்றது என்ற கேள்விக்குப் பாதி விடை கரைமடியில் இருக்கிறது. அடியில் பாறை இருந்தால் மடி கிழிந்துவிடும். ஆகவே கரைமடி இழுக்கிற இடத்தில் கடலடி சீரான மணல். மீதிப் பாதி, கடலின் மனநிலை. அதையும் கயிறு பிடித்தவர்களே நன்றாக அறிவார்கள். வரிசையாக அலை உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், சற்றுக் கலங்கலாக, அமைதியாகத் தெரியும். வெளியூர்க்காரர்கள் அதைத்தான் பாதுகாப்பான இடம் என்று நினைத்துப் பிள்ளைகளோடு இறங்குகிறார்கள். கரைக்கு ஏறிய தண்ணீரெல்லாம் ஒன்றுகூடிக் கடலுக்குத் திரும்புகிற வழி அது. "மக்களே, அங்கண இறங்காதீங்க, இழுத்துப்போடும்" என்று கரைமடிக்காரர் ஒருவர் சொன்னால் உடனே ஏறிவிட வேண்டும். தப்பித்தவறி மாட்டிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பை விட்டு விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும்.

இனி, எங்கே போகலாம்?

சிறு பிள்ளைகள் இருந்தால் என் முதல் தேர்வு சொத்தவிளை. நாகர்கோவிலிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். நீண்ட மணற்கரை, மாலை நடைக்கு இதைவிட நல்ல இடம் மாவட்டத்தில் இல்லை. கால் நனைக்கலாம், மணல் வீடு கட்டலாம். நீந்த ஆசைப்பட வேண்டாம். சங்குத்துறை இன்னும் பக்கம், சூரியன் மறைவதைப் பார்க்க ஏற்றது. ஆனால் விடுமுறை நாளில் கூட்டம் சேரும். ஆகவே வாரநாளில் போவது நல்லது. மணக்குடியில் பழையாறு கடலில் கலக்கிறது. காயலும் அலையாத்தியும் பறவைகளும் அங்கே உண்டு. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது நல்ல பாடம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அங்கிருந்த பாலத்தைப் பெயர்த்து எறிந்ததையும் அங்கே நின்றே சொல்லிக்கொடுக்கலாம். முட்டம் பார்வைக்கு மட்டும். செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைகள். 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்த இடம் என்று இன்றும் தேடி வருகிறார்கள். அந்தப் பாறையில் ஏறிப் படம் எடுப்பதைப் பெற்றோர் தடுக்க வேண்டும்.

முட்டத்தைத் தாண்டினால் மணவாளக்குறிச்சி. அங்கே மணலின் நிறமே மாறும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கயிற்று நாரில் ஒட்டிக்கொண்டு போன இந்த மணலில்தான் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டார். அடுத்த ஊரான மண்டைக்காட்டில் பகவதி அம்மனைக் கும்பிட வருகிறவர்கள் கடலில் நீராடுவது வழக்கம். மாசிக் கொடைக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கையை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

காலமும் முக்கியம். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று கரையையே அரித்துக்கொண்டு போகும். அப்போது தூரத்தில் நின்று பார்த்தால் போதும். இதற்கு நடுவே கள்ளக்கடல் வேறு. தெற்கே வெகுதொலைவில் எழுந்த நீளமான அலைகள், இங்கே காற்றும் மழையும் இல்லாத வெயில் நாளில் திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை கொண்டுபோனது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் எச்சரிக்கை கொடுத்திருந்தது. கரையில் இறங்குகிறவர் காதுக்கு அது வந்து சேரவில்லை என்றால் அந்த எச்சரிக்கையால் என்ன பயன்?

என் ஆதங்கமெல்லாம் இங்கேதான். இருக்கைகளும் வண்ண வளைவுகளும் கட்டத் தெரிந்தவர்களுக்கு, நீரோட்டம் எங்கே இழுக்கிறது என்று அன்றன்று மாற்றி நடக்கூடிய ஒரு சிவப்புக் கொடி வைக்கத் தெரியவில்லை. கழிப்பறை கட்டுகிறார்கள், சில மாதங்களில் பூட்டிவிடுகிறார்கள். கைக்குழந்தையோடு வருகிற தாய் எங்கே போவாள்? மாலையில் கடை போடுகிறார்கள். காலையில் காகிதத் தட்டும் தண்ணீர் பாட்டிலும் மணலில் கிடக்கின்றன. இரவில் குடித்துவிட்டு உடைக்கிற பாட்டில்கள் மறுநாள் பிள்ளைகளின் பாதத்துக்குக் காத்திருக்கின்றன. வலை காய்ந்த மணலில் கண்ணாடி கிடக்கிறது.

அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டுகிறார்கள். ஓர் ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டால், கரையோரமாக நகர்ந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிடும். அடுத்த ஊர்க் கரை மெலியும், அங்கேயும் கல் கேட்பார்கள். வீட்டை இழக்கிறவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊர் ஊராகத் துண்டு போட்டுச் செய்கிற வேலையில் மணற்கரையும் போகிறது, கரைமடி இழுக்க இடமும் போகிறது.

சென்னையை அடுத்த கோவளம் 2021இல் நீலக்கொடிச் சான்று வாங்கியது. நீரின் தரம், கழிப்பறை, உயிர்காப்பாளர் என்று 33 விதிகளை அதற்கு நிறைவேற்ற வேண்டும். சொத்தவிளைக்குச் சான்றிதழ் இப்போதே வேண்டாம். பகல் முழுக்க நிற்கிற உயிர்காப்பாளர்கள், தினமும் மாறுகிற கொடி, கள்ளக்கடல் எச்சரிக்கையை அறிவிக்க ஓர் ஒலிபெருக்கி, திறந்திருக்கிற கழிப்பறை, இந்த நான்கும் போதும். உயிர்காப்பாளர் வேலையைக் கடற்கரை ஊர்ப் பையன்களுக்கே கொடுங்கள். அவர்களைவிட இந்தக் கடலை அறிந்தவர்களை எந்தத் தேர்வு வைத்தும் எடுக்க முடியாது.

வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொண்டுவந்த குப்பையைத் திரும்ப எடுத்துப் போங்கள். தண்ணீரில் கால் வைக்கும் முன் கரையில் நிற்கிற ஒரு மீனவரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அன்றைக்கு மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.