கிணற்றை மூடும் முறை

வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிற் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து, தொடர்மாடிகள் எழுந்துவருகின்றன. வீட்டோடு முற்றத்துக் கிணறும் மறைகின்றது. மறைவது பற்றி எமக்கு வருத்தமில்லை. லபுகமை நீர்த்தேக்கத்து நீர் 1880களிலேயே கொழும்புக்கு வந்துவிட்டது. குழாயைத் திருகினால் நீர் வரும் ஊரிற் கப்பியையும் வாளியையும் யார் தேடுவர்? கிணறு மறையும் விதமே எம்மைக் கவலைகொள்ளச் செய்கின்றது.

எமது வளவுக் கிணற்றை மூடவேண்டி வந்தபோது கொந்தராத்துக்காரர் இரண்டு யோசனை சொன்னார். "ஐயா, உடைச்ச சுவரெல்லாத்தையும் இதுக்குள்ள தள்ளிவிட்டாச் சரி. இல்லாட்டிக் குளியலறைத் தண்ணியை இதுக்குள்ள விடுவம்; புதுக்குழி வெட்டுற செலவு மிச்சம்."

மிச்சம் என்ற சொல் இனிமையானதுதான். ஆனால் மூன்றாம் வீட்டிலே எண்பது வயது கடந்த ஆச்சி ஒருவர் இன்றும் தமது கிணற்று நீரிலேயே குளிக்கின்றார். குழாய் நீர் நின்ற நாட்களில் ஒழுங்கை முழுவதும் வாளியுடன் அவர் வாசலிலேதான் நிற்கும். கடலோர மணலில் நீர் எளிதில் நகரும். எமது கிணற்றில் விடுவது ஆச்சியின் கிணற்றைச் சென்று சேராதென்று யார் உறுதி கூறுவார்?

மழைநீர் மெல்ல இறங்கும்போது மண்ணே அதனை வடிகட்டுகின்றது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கின்றன. கிணறோ அந்த வடியைத் துளைத்து நேரே நிலத்தடி நீருக்குச் செல்லும் வாயில். அதனுட் கழிவை விடுவது, வடியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கலங்கல் நீரைக் குடிநீர்ப் பானையில் ஊற்றுவதற்கு ஒப்பாகும். 1854இல் லண்டன் புரோட் வீதியில் வாந்திபேதியால் அறுநூறு பேருக்கு மேல் மாண்டதும் இவ்வாறே. பொதுக் கிணற்றுக்குச் சில அடி தூரத்தே பழைய கழிவுக்குழி ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அமெரிக்காவிற் பலர் சேர்ந்து பயன்படுத்தும் பெருங் கழிவுக்குழிகளை 2005ஆம் ஆண்டுக்குள் மூடிவிடுமாறு சட்டமே செய்தார்கள்.

கிணற்றின் அருமையை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு, சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரையே நம்பி வாழ்கின்றது. சுன்னாகத்திலே மின் நிலையத்தின் எண்ணெய்க் கழிவு அயற் கிணறுகளிற் கலந்தமை பற்றிய வழக்கில், தனியார் மின் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டுமென 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. எனினும் பாறை வெடிப்பினுட் புகுந்த எண்ணெயைக் கழுவியெடுக்கப் பணத்தால் இயலுமோ? நிறுவனங்களை மாத்திரம் குறைகூறுவதும் நியாயமன்று. தோட்டத்துக்கு அளவின்றி இடும் உரமும், கிணற்றருகே வெட்டிய மலக்குழியும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றை ஏற்றிவிட்டன. கைக்குழந்தைக்கு அது நஞ்சு.

இனி, எமது கிணற்றை மூடிய முறையைச் சொல்வோம். மாணவர்கள் வாசித்து வைத்துக்கொள்வது நன்று. முதலில் உள்ளே கிடந்த வாளி, கயிறு, துருப்பிடித்த பம்பிக் குழாய் யாவற்றையும் வெளியே எடுப்பித்தோம். பின்னர் குளோரின் தூள் இட்டு நீரைச் சுத்திசெய்தோம். நீர்மட்டம் வரை கழுவிய சரளையும் மணலும். அதற்குமேற் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்கினார்கள். களிமண்தான் உயிர்நிலை, மேலேயுள்ள அழுக்கு நீர் கீழே இறங்காமற் காப்பது அதுவே. கிணற்றுக் கட்டை மூன்றடி ஆழத்துக்கு உடைத்தெடுத்து, சீமெந்துத் தட்டு ஒன்றால் மூடி, மழைநீர் வழிந்தோடுமாறு மேலே மண்ணைச் சற்று உயர்த்தினோம். கிணறிருந்த இடத்தை வளவின் வரைபடத்திலும் குறித்துவைத்தோம். கொந்தராத்துக்காரர் களிமண்ணின் விலையைச் சொல்லிச் சொல்லி மனம் நொந்தார்.

கொட்டாஞ்சேனையில் எமது உறவினர் குடியிருக்கும் தொடர்மாடியின் வளவிலும் ஒரு கிணறு இருந்ததென்பர். எங்கே இருந்தது, எதனை இட்டு நிரப்பினர் என்று விசாரித்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. கார் நிறுத்தும் இடத்தின் ஒரு மூலை மாத்திரம் ஒவ்வொரு மாரியிலும் சற்றே தாழ்கின்றதாம். ஆண்டுதோறும் அதில் ஒரு வண்டி மண் கொட்டுகின்றார்கள்.